நான்கு புதிரும் ஒரு கருவியும்: இசைப் புதிர் அவிழ்க்கப் புதிதாக வருபவர்களுக்கு

இசைப் புதிர் என்றதும் பலர் "எனக்குச் சங்கீதம் தெரியாதே" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டிய அவசியமே இல்லை. கூட்டல் பெருக்கல் தெரிந்து, தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரிக்கவும் தெரிந்தால் போதும், தொடங்கிவிடலாம். மற்ற விவரங்களை நோட்டில் ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று போகப் போகச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிட வேண்டும். விடை கிடைத்த உடனே பென்சிலைக் கீழே வைக்காதீர்கள். வேறு விடை எதுவும் இருக்க முடியாது என்று காட்டிய பிறகுதான் புதிர் முடிந்தது என்று அர்த்தம். இந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு புதிரும் ஏதாவது ஓர் இடத்தில் இரண்டு மூன்று விடைகளைக் காட்டி நிற்கும். அவற்றில் எது நிற்கும், எது விழும் என்று பார்ப்பதுதான் இந்த விளையாட்டின் சுகம்.

இதோ தொகுப்பு. நம் திருநெல்வேலிச் சீமையின் வில்லையும் மேளத்தையும் மனதில் வைத்துக் கட்டியது.

முதல் புதிர்: மோகன ராகத்தின் ரிஷபத்தையே, அதாவது ரியையே, ஆதார ஷட்ஜமாக, அதாவது தொடக்க ச ஆக, வைத்துக்கொண்டு அதே ஐந்து ஸ்வரங்களைப் பாடினால் எந்த ராகம் வரும்? (எழுத்து 1)

இரண்டாம் புதிர்: ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டு. பக்கவாத்தியக்காரர்கள் நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். ஊர்கள்: அம்பை, பாளை, களக்காடு, நாங்குநேரி. கருவிகள்: உடுக்கை, குடம், ஜால்ரா, கட்டை. குடக்காரருக்கு அடுத்தபடியாக வந்தவர் அம்பைக்காரர். பாளைக்காரர்தான் உடுக்கை அடிப்பவர். அவர் முதலிலும் வரவில்லை, கடைசியிலும் வரவில்லை. களக்காட்டுக்காரர் ஜால்ராக்காரருக்கு முன்பே வந்துவிட்டார். கட்டை அடிப்பவரும் முதல் ஆள் அல்ல, கடைசி ஆளும் அல்ல. முதலில் வந்தவருடைய கருவி எது? (எழுத்து 1)

மூன்றாம் புதிர்: ஏழு தாளங்களில் ஒன்று. ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, 14 அட்சரம். அதில் லகு எத்தனையோ திருதமும் அத்தனையே. எந்தத் தாளம்? (எழுத்து 2)

நான்காம் புதிர்: 25 முதல் 30 வரையுள்ள மேளகர்த்தா என்னும் தாய் ராகங்கள் ஆறும் கலைந்து கிடக்கின்றன: சரசாங்கி, நாகாநந்தினி, ஹரிகாம்போஜி, தீரசங்கராபரணம், மாரரஞ்சனி, சாருகேசி. கடபயாதி முறைப்படி வரிசையாக வைத்தால் ஐந்தாவதாக நிற்பது எது? (எழுத்து 10)

முடிவு: நான்கு விடைகளிலிருந்தும் அடைப்புக்குள் சொன்ன எழுத்தை எடுத்து வரிசையாக வையுங்கள். ஒரு கருவியின் பெயர் வரும். அது எப்போதும் ஜோடியாகத்தான் ஒலிக்கும்.

கொஞ்ச நேரம் இதைப் பார்த்துக்கொண்டிருங்கள். அப்புறம் கீழே போகலாம்.

எழுத்தை எண்ணுவதில் தொடங்குங்கள்

தொகுப்பைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, எங்கெல்லாம் எழுத்து எண்ணச் சொல்லியிருக்கிறது என்று பார்ப்பது. தமிழ்ப் புதிரில் உயிர்மெய் ஒரே எழுத்து. புள்ளி வைத்த மெய்யும் தனியாக ஓர் எழுத்து. காருக்குறிச்சி என்ற ஊர்ப் பெயரை எண்ணிப் பழகலாம்: கா, ரு, க், கு, றி, ச், சி. ஏழு. சேரன்மகாதேவியை அடுத்த அந்த ஊர்தான் நாகசுரத்துக்கு அருணாசலத்தைத் தந்தது. 1921இல் பிறந்து 1964இல் மறைந்த அவருடைய வாசிப்பை இன்னும் கேட்காதவர்கள் புதிரை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதைக் கேட்டுவிட்டு வரலாம், தப்பே இல்லை.

எண்ணிக்கையோடு இன்னொன்று: ராகப் பெயர்களுக்கு எழுத்து வேறுபாடு அதிகம். மோகனம், மோஹனம், ஹிந்தோளம், இந்தோளம், மத்யமாவதி, மத்தியமாவதி. விடை எழுதும்போது ஓரத்தில் மற்ற வடிவத்தையும் குறித்து வையுங்கள். கடைசியில் எழுத்து பொருந்தவில்லை என்றால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

காதைத் தயார் செய்யும் சின்னப் புதிர்கள்

பெரிய புதிருக்குப் போகும் முன் சொல் விளையாட்டு கொஞ்சம். ச, ரி, க, ம, ப, த, நி என்ற ஏழு எழுத்துகளை மட்டும் வைத்துச் சொற்கள் கட்டிப் பாருங்கள். சபரி வரும். பரிகரி வரும். "யானைக்கும் இரண்டு ஸ்வரம், குதிரைக்கும் இரண்டு ஸ்வரம், பின் ஸ்வரம் இரண்டுக்கும் ஒன்றே" என்று கேட்டால் கரி, பரி என்று சொல்ல வேண்டும். நம் பக்கத்துக்கென்றே ஒன்று உண்டு: "பனையிலிருந்து இறங்கும் மூன்று ஸ்வரம் எது?" பதநீரை இங்கே பேச்சில் பதனி என்பார்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள்: ப, த, நி. எழுத்தில் ன வந்தாலும் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். புதிரில் "கேட்டால்", "சொன்னால்", "காதுக்கு" என்ற சொற்கள் வந்தால் எழுத்தை விட்டுவிட்டு ஒலியைப் பிடிக்க வேண்டும் என்பதற்கு அது அடையாளம்.

அடுத்தது வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கும் ராகம். "குறுக்குத்துறையில் குளித்தோடி வந்தான்" என்பதில் தோடி இருக்கிறது. "பஸ் ஸ்டாண்டில் கிடந்த பை ரவியுடையது" என்பதில் இரண்டு சொல்லின் நடுவே பைரவி. "அக்கா பிட்டுக்கு மாவு இடித்தாள்" என்பதில் காபி. கண்டுபிடிக்கும் வழி ஒன்றே: இடைவெளிகளை எடுத்துவிட்டு ஒரே சரமாக எழுதுங்கள். தமிழில் புணர்ச்சி இருப்பதால் மறைப்பவருக்கு வசதி அதிகம். குளித்து, ஓடி என்ற இரண்டு சொல்லிலும் தனித்தனியாகத் தோடி இல்லை, சேர்ந்த பிறகுதான் வருகிறது. அதனால் பிரித்தும் பாருங்கள், சேர்த்தும் பாருங்கள். "நாட்டை ஆண்ட ராஜா" என்று இருந்தால் ராகம் ஒளியவே இல்லை, நாட்டை என்று நேரே உட்கார்ந்திருக்கிறது. வெளிச்சத்தில் இருப்பதைத்தான் பலரும் கடைசியில் பார்க்கிறார்கள்.

இரண்டாம் புதிர்: கட்டம் போட்டு அவிழ்ப்பது

தொகுப்பை அச்சிட்ட வரிசையில்தான் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. இசையறிவு கொஞ்சமும் தேவைப்படாதது எதுவோ அதை முதலில் எடுங்கள். இங்கே அது வில்லுப்பாட்டுப் புதிர்.

அறியாதவர்களுக்கு: வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் மணிகள் கட்டிய வில்லின் முன் உட்கார்ந்து வீசுகோலால் அடித்துக்கொண்டே கதை சொல்வார். பக்கத்தில் இருப்பவர்கள் பின்பாட்டும் ஆமாமும் போட்டு உடுக்கை, குடம், ஜால்ரா, கட்டை வாசிப்பார்கள். சுடலைமாடன், முத்தாரம்மன், இசக்கி என்று கொடை நடக்கும் கோயில்களில் இரவு முழுக்க நடக்கும். இந்தப் புதிரில் தலைவரை விட்டுவிட்டு மற்ற நான்கு பேரை மட்டும் பார்க்கிறோம்.

கட்டம் போட்ட தாளில் மேலே 1, 2, 3, 4 என்று வந்த வரிசையை எழுதுங்கள். இடப்பக்கம் நான்கு கருவி, அதற்குக் கீழே நான்கு ஊர். இருக்க முடியாத இடத்தில் பெருக்கல் குறி, உறுதியான இடத்தில் வட்டம். ஒரு வட்டம் போட்டதும் அந்த வரிசையிலும் அந்தப் பத்தியிலும் மற்றவற்றுக்குப் பெருக்கல் குறி போட மறக்கக் கூடாது. பாதிப் புதிர் அந்தக் குறிகளிலேயே அவிழ்ந்துவிடும்.

குறிப்புகளைத் தந்த வரிசையில் எடுத்தால் முதல் குறிப்பே இழுத்துக்கொண்டு போய்விடும். அம்பைக்காரர் குடத்துக்கு அடுத்து: 1-2 ஆகவும் இருக்கலாம், 2-3 ஆகவும் இருக்கலாம், 3-4 ஆகவும் இருக்கலாம். மூன்று கிளை. புதியவர்கள் இந்தக் கிளைகளில் ஏறி ஒவ்வொன்றாகப் பார்த்துக் களைத்துப்போவார்கள். அதற்குப் பதிலாக, எந்தக் குறிப்பு அதிக இடத்தை அடைக்கிறது என்று தேடுங்கள்.

உடுக்கை முதலும் இல்லை, கடைசியும் இல்லை. கட்டையும் அப்படியே. ஆக, நடுவில் இருக்கும் 2, 3 இரண்டு இடமும் இவ்விருவருக்குத்தான். யார் 2, யார் 3 என்று இன்னும் தெரியாது, பரவாயில்லை. குடமும் ஜால்ராவும் 1, 4 ஆகிய ஓரங்களுக்குத் தள்ளப்பட்டுவிட்டன. இப்போது முதல் குறிப்புக்குத் திரும்புங்கள். குடத்துக்குப் பின் ஒருவர் வந்திருக்கிறார். அப்படியானால் குடம் 4ஆக இருக்க முடியாது. குடம் 1. ஜால்ரா 4. அம்பைக்காரர் 2.

அம்பைக்காரர் 2இல் இருக்கிறார் என்றால் அவர் கையில் உடுக்கையோ கட்டையோ. உடுக்கை பாளைக்காரருடையது. எனவே அம்பைக்காரர் கட்டை. பாளைக்காரர் உடுக்கையோடு 3. மிஞ்சியது களக்காடும் நாங்குநேரியும். களக்காட்டுக்காரர் ஜால்ராவுக்கு முன் வந்தவர், அதனால் ஜால்ராக்காரர் அவர் இல்லை. களக்காட்டுக்காரர் குடத்தோடு முதலில், நாங்குநேரிக்காரர் ஜால்ராவோடு கடைசியில்.

விடை குடம். முதல் எழுத்து கு.

கேள்வி கருவியை மட்டும்தான் கேட்டது, ஊர்களை எதற்கு முடிக்க வேண்டும் என்று தோன்றலாம். முடித்தே ஆக வேண்டும். எல்லாக் கட்டமும் நிரம்பி, ஐந்து குறிப்பையும் மறுபடி வாசித்து ஒவ்வொன்றும் பொருந்துகிறதா என்று பார்த்தால்தான் நடுவில் எங்கும் சறுக்கவில்லை என்று தெரியும். கட்டை பற்றிய குறிப்பை மூடி வைத்துவிட்டு இதே புதிரை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். நான்கு வெவ்வேறு விடைகள் பொருந்தும். இரண்டில் கட்டைக்காரரே முதலில் வந்துவிடுவார். ஒரே ஒரு குறிப்பு மற்ற மூன்றையும் எப்படி விழவைக்கிறது என்று அப்போது புரியும். கட்டப் புதிர் பழக இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

மூன்றாம் புதிர்: கையால் எண்ணுங்கள்

இதற்கு நோட்டில் எழுத வேண்டிய பட்டியல் சின்னது. திருதம் என்றால் ஒரு தட்டு, ஒரு வீச்சு: 2 அட்சரம். அனுதிருதம் ஒரே தட்டு: 1. லகு என்பது ஒரு தட்டும் விரல் எண்ணிக்கையும். அதன் அளவு ஜாதிக்கு ஜாதி மாறும். திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9. ஆறும் எட்டும் கிடையாது என்பதை அடிக்கோடிடுங்கள், பயன்படும்.

ஏழு தாளங்கள்:
துருவம்: லகு, திருதம், லகு, லகு
மட்டியம்: லகு, திருதம், லகு
ரூபகம்: திருதம், லகு
ஜம்பை: லகு, அனுதிருதம், திருதம்
திரிபுடை: லகு, திருதம், திருதம்
அட: லகு, லகு, திருதம், திருதம்
ஏகம்: லகு மட்டும்

ஏழு தாளம், ஐந்து ஜாதி, மொத்தம் 35. எல்லோரும் போடும் ஆதி தாளம் இதில் சதுஸ்ர ஜாதித் திரிபுடை: 4, 2, 2, ஆக 8.

இப்போது 14. முப்பத்தைந்தையும் கூட்டிப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு தாளத்திலும் மாறாத பகுதியைக் கழித்து, மீதியை லகுக்களுக்குப் பங்கு வையுங்கள். ஏகம்: லகு 14 ஆக வேண்டும், இல்லை. ரூபகம்: 12, இல்லை. ஜம்பை: 11, இல்லை. திரிபுடை: 10, இல்லை. மட்டியம்: 12ஐ இரண்டு லகுவுக்குப் பிரித்தால் 6, அடிக்கோடிட்டோமே, ஆறு இல்லை. துருவம்: 12ஐ மூன்றுக்குப் பிரித்தால் 4. உண்டு! சதுஸ்ர ஜாதித் துருவம்.

இங்கேதான் பென்சிலைக் கீழே வைக்கத் தோன்றும். இன்னும் ஒரு தாளம் பாக்கி இருக்கிறது. அட: 14இல் 4 போனால் 10, இரண்டு லகுவுக்கு 5. கண்ட ஜாதி அட. அதுவும் உண்டு. பெரிய வர்ணங்கள் பல அமைந்திருப்பதும் இந்தத் தாளத்தில்தான்.

14க்கு இரண்டு விடை. புதிரின் இரண்டாவது வாக்கியம் இதற்காகத்தான் காத்திருந்தது: லகுவும் திருதமும் சம எண்ணிக்கை. துருவத்தில் மூன்று லகு, ஒரு திருதம். அடவில் இரண்டும் இரண்டு. எனவே விடை அட. இரண்டாம் எழுத்து ட.

இரண்டு தாளத்தையும் ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். தாளில் ஒரே 14ஆக இருப்பது கையில் வேறு வேறு நடையாக வரும். தட்டிப் பார்த்தவருக்கு அந்த வித்தியாசம் மறக்கவே மறக்காது.

தாளப் புதிரில் அடிக்கடி வரும் இன்னொரு வகையையும் சொல்லிவிடுகிறேன். ஒரே சொற்கட்டை மூன்று முறை சொல்லி, நடுவில் இரண்டு சமமான இடைவெளி விட்டு, ஆவர்த்தனத்தை முடிப்பது. "ததிங்கிணதொம்" என்பது 5 மாத்திரை. அட்சரத்துக்கு இரண்டு மாத்திரை வைத்தால் ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனம் 16. மும்முறை சொன்னால் 15, மிச்சம் 1. அந்த ஒன்றை முழு மாத்திரை முறியாமல் இரண்டு இடைவெளிக்குச் சமமாகப் பங்கு போட முடியாது. அதனால் இடைவெளியே இல்லாமல் ஒரு மாத்திரை தள்ளித் தொடங்க வேண்டும். மொத்தம் இரட்டைப்படை, சமத்தில், அதாவது ஆவர்த்தனத்தின் முதல் தட்டில், தொடங்க வேண்டும் என்றால் சொற்கட்டும் இரட்டைப்படையாக இருந்தே ஆக வேண்டும்: 32 மாத்திரைக்கு 10 மாத்திரைச் சொற்கட்டு மூன்றும் 1 மாத்திரை இடைவெளி இரண்டும் சரியாக வரும். தவில்காரர்கள் தீர்மானம் வைக்கும்போது இதை மனக்கணக்காகவே செய்கிறார்கள். அடுத்த கொடையில் மேளம் கேட்கும்போது மூன்று முறை வருவதை விரலில் பிடித்துப் பாருங்கள்.

நான்காம் புதிர்: தமிழெழுத்து செய்யும் சிக்கல்

கடபயாதி என்பது எழுத்துக்கு எண் கொடுக்கும் பழைய முறை. மேளகர்த்தாக்கள் 72. ஒவ்வொரு பெயரிலும் முதல் இரண்டு எழுத்தை எண்ணாக்கித் திருப்பி வைத்தால் ராகத்தின் வரிசை எண் வரும். மாயாமாளவகௌளை: மா 5, யா 1. திருப்பினால் 15. பாடம் தொடங்கும் பிள்ளைகள் முதலில் பாடும் ராகம், பதினைந்தாவது மேளகர்த்தா.

வடமொழி வரிசையில் ஒவ்வொரு வர்க்கத்துக்கும் நான்கு வல்லொலிகள் தனித்தனி. நமக்குக் க ஒன்று, ட ஒன்று, த ஒன்று, ப ஒன்று. எனவே நோட்டில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: க என்றால் 1, 2, 3, 4இல் ஏதோ ஒன்று. ட, ப இரண்டும் அப்படியே. த என்றால் 6, 7, 8, 9இல் ஒன்று. ச என்றால் 5, 6, 7இல் ஒன்று. ஜ 8 அல்லது 9. உறுதியானவை: ங 5, ஞ 0, ண 5, ந 0, ம 5, ய 1, ர 2, ல 3, வ 4, ஷ 6, ஸ 7, ஹ 8. உயிர்க்குறி எதுவானாலும் எண் மாறாது.

பல புத்தகங்கள் வடமொழி அட்டவணையை அப்படியே தந்துவிட்டு, தமிழில் படிப்பவர் இந்தக் குழப்பத்தில் என்ன செய்வார் என்று யோசிப்பதில்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது. ஆனால் புதிர் கட்டுபவருக்கு இது வரப்பிரசாதம், ஏனென்றால் கணக்கோடு விலக்கலும் சேர்ந்துவிடுகிறது.

ஆறு பெயரையும் எடுப்போம். உறுதியான எழுத்து உள்ளவை முதலில். மாரரஞ்சனி: மா 5, ர 2, எனவே 25. ஹரிகாம்போஜி: ஹ 8, ரி 2, எனவே 28. நாகாநந்தினி: நா 0, கா 1 முதல் 4; அதாவது 10, 20, 30, 40. இவற்றில் 25க்கும் 30க்கும் உட்பட்டது 30 மட்டும்.

மீதி 26, 27, 29. மீதிப் பெயர்கள் மூன்று. சாருகேசி: சா 5, 6, 7, ரு 2. ஆக 25, 26, 27. சரசாங்கி: அதுவும் 25, 26, 27. தீரசங்கராபரணம்: தீ 6, 7, 8, 9, ர 2. ஆக 26, 27, 28, 29.

25ஐயும் 28ஐயும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டாகிவிட்டது. சாருகேசிக்கு 26 அல்லது 27. சரசாங்கிக்கும் 26 அல்லது 27. யாருக்கு எது என்று தமிழெழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. சொல்லத் தேவையும் இல்லை! இரண்டு பேர் இரண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள், மூன்றாமவருக்கு அங்கே இடமில்லை. தீரசங்கராபரணம் 29. ஐந்தாவது அதுதான். உடுக்கையும் கட்டையும் நடுவிடங்களை அடைத்தபோது பார்த்த அதே தந்திரம் இங்கே எண்களில் நடக்கிறது. (சாருகேசி 26, சரசாங்கி 27.)

பத்தாவது எழுத்து வேண்டும்: தீ, ர, ச, ங், க, ரா, ப, ர, ண, ம். பத்தாவது ம். பேச்சு வழக்கில் சங்கராபரணம் என்றுதானே சொல்கிறோம், அப்படி எழுதியிருந்தால் எட்டு எழுத்தோடு முடிந்துபோயிருக்கும். அடைப்புக்குள் இருந்த 10 என்ற எண்ணே முழுப்பெயரைக் கேட்கிறது. புதிரில் சொல்லப்பட்ட எண்கள் இப்படி ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும்.

கூட்டெழுத்து வந்தால் மட்டும் கவனம். சக்ரவாகத்தில் இரண்டாவதாகக் க எடுப்பதா, ர எடுப்பதா? இரண்டையும் போட்டுப் பாருங்கள். ர எடுத்தால் ச 6 என்ற கணக்கில் 26. அந்த இடம் சாருகேசியுடையது. க எடுத்தால் 16. சக்ரவாகம் பதினாறாவதுதான்.

இன்னொரு செய்தி. மேளகர்த்தாப் பட்டியலில் இரண்டு மரபு உண்டு: ஒன்று கனகாங்கியில் தொடங்கும், மற்றது கனகாம்பரியில். முத்துசாமி தீட்சிதர் மரபு பின்னது. அவர் 1835இல் மறைந்தது எட்டயபுரத்தில். அதே எட்டயபுரத்திலிருந்துதான் சுப்பராம தீட்சிதர் 1904இல் தம் பெரிய இசைநூலை இந்த மரபின் வரிசையில் வெளியிட்டார். புதிரில் வரும் பெயர் உங்கள் பட்டியலில் இல்லாவிட்டால் மற்றப் பட்டியலைப் பாருங்கள். 65 ஒன்றில் மேசகல்யாணி, மற்றதில் சாந்தகல்யாணி. எண் இரண்டிலும் ஒன்றே. 29க்கு இரண்டிலும் தீரசங்கராபரணம்தான், அதனால் நமக்குக் கவலை இல்லை.

முதல் புதிர்: இடைவெளிகளைச் சுற்றுவது

இதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், இசை தெரியாதவர் பயப்படுவது இதற்குத்தான். பயப்பட ஒன்றும் இல்லை.

ஒரு ஸ்தாயியில், அதாவது ஒரு ச முதல் அடுத்த மேல் ச வரை, 12 படி. வரிசையாக: 1 ஷட்ஜம், 2 சுத்த ரிஷபம், 3 சதுஸ்ருதி ரிஷபம், 4 சாதாரண காந்தாரம், 5 அந்தர காந்தாரம், 6 சுத்த மத்யமம், 7 பிரதி மத்யமம், 8 பஞ்சமம், 9 சுத்த தைவதம், 10 சதுஸ்ருதி தைவதம், 11 கைசிகி நிஷாதம், 12 காகலி நிஷாதம். பதின்மூன்றாவது மேல் ஷட்ஜம்.

மோகனத்தின் ஐந்து ஸ்வரமும் நிற்கும் படிகள் 1, 3, 5, 8, 10. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எத்தனை படி என்று எழுதுங்கள்: 2, 2, 3, 2, 3. (கடைசி 3 என்பது 10இலிருந்து 13.) ராகத்தின் பெயரை மறந்துவிடுங்கள். கையில் இருப்பது ஐந்து எண், வட்டமாக நிற்கின்றன.

ரிஷபத்தை ஷட்ஜமாக்குவது என்றால் வட்டத்தை இரண்டாவது எண்ணிலிருந்து வாசிப்பது: 2, 3, 2, 3, 2. படி 1இலிருந்து அடுக்கினால் 1, 3, 6, 8, 11. பட்டியலில் பாருங்கள்: ஷட்ஜம், சதுஸ்ருதி ரிஷபம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். ச ரி ம ப நி. மத்யமாவதி. கச்சேரியை மங்களமாக முடிக்கப் பாடும் ராகம்.

வேறு விடை இல்லை என்று இங்கே எப்படிக் காட்டுவது? வட்டத்தை மற்ற மூன்று இடத்திலிருந்தும் வாசித்துவிடுங்கள். காந்தாரத்திலிருந்து ஹிந்தோளம், பஞ்சமத்திலிருந்து சுத்த சாவேரி, தைவதத்திலிருந்து சுத்த தன்யாசி. ஐந்து தொடக்கம், ஐந்து ராகம், எதுவும் எதோடும் மோதவில்லை. இதைக் கிரக பேதம் என்பார்கள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஸ்வரங்களுக்குப் பெயர் வைத்திருந்த பழந்தமிழர் பண்ணுப் பெயர்த்தல் என்று செய்ததும் இந்தச் சுற்றலைத்தான்.

காதால் சரிபார்க்க வேண்டுமா? ஹார்மோனியமோ போனில் கீபோர்டு ஆப்போ இருந்தால் கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசியுங்கள். மூன்றாகச் சேர்ந்திருக்கும் கறுப்புக் கட்டைகளில் முதலாவதிலிருந்து ஐந்தையும் ஏறினால் மோகனம். அதே கட்டைகளை, இரண்டாவதிலிருந்து தொடங்கி ஏறினால் மத்யமாவதி. மூன்றாவதிலிருந்து ஹிந்தோளம். விரலை நகர்த்தியது ஒரே ஓர் இடம்தான், மனநிலையே மாறிவிடும். நான் யாருக்குப் புதிர் சொல்லிக்கொடுத்தாலும் இதை வாசிக்க வைக்காமல் விடுவதில்லை.

நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய இசைத்தூண்கள் இருக்கின்றனவே, அவற்றைத் தட்டிப் படி கண்டுபிடிக்கலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கண்ணால் பாருங்கள், தட்ட வேண்டாம். அந்தக் கல் இன்னும் பல தலைமுறைக்கு இருக்க வேண்டும். ஆழ்வார்திருநகரிக் கோயிலின் கல் நாகசுரத்துக்கும் அதே மரியாதை.

மத்யமாவதி. முதல் எழுத்து ம. மத்தியமாவதி என்று எழுதினாலும் அதே ம.

நான்கையும் சேர்ப்பது

ம, கு, ட, ம். மகுடம்.

அரசர் தலையில் இருப்பதும் மகுடம்தான், ஆனால் கேட்டது கருவி. ஜோடியாக ஒலிப்பது என்ற குறிப்பையும் ஒத்துப் பார்க்க வேண்டும். கணியான் கூத்தில் அடிக்கும் தோல்கருவி மகுடம். சுடலைமாடன் கொடையில் இரண்டு பேர் நின்று அடிப்பார்கள். ஒன்று உச்சம், மற்றது மந்தம். தீயில் காட்டித் தோலை ஏற்றிக்கொண்டு வந்து மறுபடி அடிப்பார்கள். குறிப்பு பொருந்துகிறது. இப்போது பென்சிலைக் கீழே வைக்கலாம்.

கடைசி விடையில் ஓர் எழுத்து மட்டும் இடித்தால் என்ன செய்வது? உதாரணமாக மூன்றாம் புதிரில் துருவம் என்று நின்றுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் எழுத்து ரு. "மகுரும்" என்று வரும். அப்படி ஒரு கருவி இல்லை. எந்த எழுத்து இடிக்கிறதோ அந்தப் புதிருக்கு மட்டும் திரும்பிப் போனால் போதும், மற்ற மூன்றைக் கலைக்க வேண்டாம். இடிக்கும் எழுத்து எது என்று தெரியாவிட்டால், இரண்டு விடை வர வாய்ப்பிருந்த புதிரை முதலில் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ம_டம் என்று மூன்று எழுத்து கிடைத்து ஒன்று மட்டும் நிற்கிறது என்றால், முடிவை ஊகித்துப் பின்னால் நடக்கலாம். இரண்டாம் எழுத்து கு என்று ஊகித்தால், நான்கு கருவியில் கு என்று தொடங்குவது குடம் ஒன்றுதான். அப்படிக் கிடைத்த விடையையும் கட்டத்தில் போட்டு ஐந்து குறிப்போடும் ஒத்துப் பார்த்துவிட வேண்டும். செங்கோட்டை பாசஞ்சரில் உட்கார்ந்து போடுகிறவர்களுக்கு இறங்கும் ஊர் நெருங்கும்போது இது கைகொடுக்கும்.

நீங்களே ஒரு புதிர் கட்டிப் பார்க்க விரும்பினால் தாளத்தில் தொடங்குவது சுலபம். 18 அட்சரத்துக்கு 35 தாளங்களில் ஒன்றே ஒன்றுதான் பொருந்தும். அதை வைத்துக் கேள்வி கேட்டால் வேறு குறிப்பே வேண்டாம். 11 அட்சரத்துக்கு மூன்று பொருந்தும். அந்த மூன்றையும் கண்டுபிடித்து, அவற்றில் ஒன்று மட்டும் மிஞ்சும்படி ஒரே வரியில் ஒரு குறிப்பு எழுதுங்கள். எழுதியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள்.